ஆட்டோ ஸ்டாண்டுக்குப் பின்னால்

பங்குனி பிறந்துவிட்டால் ஸத்யபாமா விடிவதற்குள் அடுப்பைப் பற்றவைத்துவிடுவாள். வெயில் ஏறின பிறகு அந்தச் சமையலறையில் நிற்க முடியாது. வடக்கே மலை தெரிகிற வீடுதான். ஆனால் கோடையில் அந்த மலையிலிருந்து காற்றா வருகிறது? பாறை சுட்ட சூடுதான் இறங்கித் தெருவில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அவள் சமைப்பது அவளுக்கும் கணவர் ஸௌரிராஜனுக்கும் மட்டுமல்ல. திருப்பதியின் அந்தப் பழைய தெருவிலும் அக்கம்பக்கத்து அடுக்குமாடிகளிலும் தனியாக இருக்கிற வயதானவர்களுக்குக் கேரியரில் சாப்பாடு அனுப்புகிறாள். பிள்ளைகள் பெங்களூரிலும் கடல் தாண்டியும் இருப்பார்கள். இவர்கள் பெருமாளை விட்டு வர மாட்டோம் என்று இங்கேயே இருந்துவிட்டவர்கள். ஒருவருக்குக் காரம் ஆகாது. ஒருவருக்குச் சாதம் குழைய வேண்டும். இன்னொருவருக்குப் பல்செட்டில் கடுகு மாட்டிக்கொள்ளும் என்று சாத்தமுதை வடிகட்டி ஊற்ற வேண்டும். ரசம் என்று சொன்னால் ஸௌரிராஜனுக்குப் பிடிக்காது. அந்த வீட்டில் அது சாத்தமுதுதான்.

காய் நறுக்கவும் பாத்திரம் தேய்க்கவும் சென்னம்மா வருவாள். அவள் புருஷன் ஏழுமலை திருச்சானூருக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். சத்தியவேடு பக்கத்துக் கிராமத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். முதல் ட்ரிப்புக்கு முன்னால் கேரியர்களை ஆட்டோவில் மாட்டிக்கொண்டு போய் வீடு வீடாகக் கொடுத்துவிட்டு வருவான்.

தேர்தல் அறிவித்த அன்று அவன்தான் சேதி கொண்டுவந்தான்.

"இந்த வாட்டி நம்ம வார்டு லேடீஸுக்கு உட்டுட்டாங்கோ மாமி. நம்ம கவுன்சிலரு பிரபாகர் அவரு சம்சாரத்த நிக்க வெக்கிறாரு. தரணின்னு பேரு. இதுக்கு முன்னால அந்தம்மா மூஞ்சிய யாரும் பார்த்ததில்ல."

"பார்த்தா இன்னா, பாக்காட்டி இன்னா. சம்சாரம் பேர்ல இவரே ஆண்டுக்கினு இருப்பாரு," என்றாள் சென்னம்மா, பலமனேர் தக்காளியை நறுக்கிக்கொண்டே. "வேற யாரு நிக்கிறாங்கோ?"

"மெடிக்கல் ஷாப்பு சபீனா. தனியா நிக்குது. கட்சி கிட்சி ஒண்ணும் கெடையாது."

கேரியர்களை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனவன் ஒரு நிமிஷம் நின்று குரலைத் தாழ்த்திக்கொண்டான். "சாமி இன்னிக்கும் வர்லியா?"

"இல்லைப்பா," என்றாள் ஸத்யபாமா.

ஸௌரிராஜன் உள்ளே கூடத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். திருமண் இட்டு, பஞ்சகச்சம் கட்டி, எங்கேயோ கிளம்பப் போகிறவர் மாதிரிதான் தினமும் தயாராவார். கிளம்ப மாட்டார்.

திருச்சானூரில் தாயார் சன்னிதியில் பாசுரம் சேவிக்கிற கோஷ்டியில் அவர் இளம்வயதிலிருந்து இருந்தவர். கோஷ்டியில் இரண்டாவது வரிசையில் அவர் குரல் தனியாகக் கேட்கும். மழையோ ஜுரமோ, போகாமல் இருந்ததில்லை. எழுபதைத் தாண்டின பிறகுதான் உடம்பு அவருக்கு எதிராகத் திரும்பியது. ஒன்றுக்கு வந்தால் அடக்க முடியவில்லை. புருஷர்களுக்கு இந்த வயதில் வருகிறதுதான் என்று டாக்டர் மாத்திரை கொடுத்தார். மாத்திரை பாதி வேலை செய்தது.

வீட்டில் இருக்கும்போது தொந்தரவில்லை. ஸ்டாண்டில்தான். ஷேர் ஆட்டோ நிறைகிற வரை காத்திருக்க வேண்டும். நிறைந்த பிறகு ரயில்வே கேட் மூடியிருக்கும். பஞ்சகச்சம் கட்டிய மனிதர் தெருவில் எந்தச் சுவர் ஓரம் போய் நிற்பார்? ஒருநாள் கேட் திறக்க நேரமாகி, ஆட்டோவிலேயே வேஷ்டி நனைந்துவிட்டது. ஏழுமலை கண்ணாடியில் பார்த்துவிட்டு, வண்டி கெட்டுவிட்டதென்று சொல்லி மற்றவர்களை இறக்கி வேறு ஆட்டோவில் ஏற்றிவிட்டு, அவரைத் திருப்பி வீட்டில் கொண்டுவந்து விட்டான். அதைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஸத்யபாமா அந்த வேஷ்டியைத் துவைத்து உலர்த்தினாள். அவளும் பேசவில்லை.

அதற்குப் பிறகு கோஷ்டிக்குப் போகிற நாளில் அவர் தீர்த்தம் குடிப்பதை நிறுத்திவிட்டார். விடிந்ததிலிருந்து ஒரு வாய் தண்ணீர் கிடையாது. சித்திரை வெயிலில் அப்படிப் போனவர் ஸ்டாண்டிலேயே மயங்கி விழுந்தார். தண்ணீர் குடிக்காவிட்டால் சிறுநீரகம் போய்விடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சரி, குடிக்கிறேன் என்றார். குடித்தார். வெளியே போவதை விட்டுவிட்டார்.

ஸ்ரீ சிட்டியில் வேலையாக இருக்கிற மகன் போனில், பெரியவர்களுக்கென்று டயாபர் வருகிறதே, அதைக் கட்டிக்கொண்டு போகட்டும் என்று சொன்னான். அவள் அதை அவரிடம் சொன்னபோது அவர் எழுந்து பூஜை அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கோஷ்டியில் இருந்தவர்கள் அவருக்கும் மற்றவர்களுக்கும் ஏதோ மனஸ்தாபம் என்று நினைத்துக்கொண்டார்கள். அப்படியே நினைக்கட்டும் என்று அவர் விட்டுவிட்டார்.

இத்தனைக்கும் ஆட்டோ ஸ்டாண்டுக்குப் பின்னாலேயே ஒரு கட்டடம் இருந்தது. எப்போதோ பொதுக் கழிப்பறையாகக் கட்டியது. ஒரு பக்கம் ஆண் படம், ஒரு பக்கம் பெண் படம், இரண்டிலும் பூட்டு. உள்ளே பிரபாகரின் ஆட்கள் பிளக்ஸ் தட்டிகளையும் கூட்டத்துக்குப் போடுகிற நாற்காலிகளையும் அடுக்கி வைத்திருந்தார்கள்.

*

அந்த வார்டில் வயதானவர்கள் ஓட்டு அதிகம். அவர்களுக்கென்று ஒரு சங்கம் உண்டு. பாங்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்ற ராம்ப்ரசாத் அதற்குச் செயலாளர். வேட்பாளர்களைக் கூப்பிட்டு, பெரியவர்களுக்கு என்ன செய்வீர்கள் என்று நேரில் கேட்டுவிடலாம் என்று ஒரு கல்யாண மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை கூட்டம் ஏற்பாடு செய்தார். ஸத்யபாமாவிடம் வந்து, வருகிறவர்களுக்குச் சுண்டலும் நீர்மோரும் வேண்டும் என்றார்.

"மோர்ல உப்பு கம்மியா இருக்கட்டும் மாமி. எல்லாருக்கும் பி.பி."

அதனால் அவள் அந்தக் கூட்டத்துக்குப் போனது மோர் அண்டாவோடுதான். சென்னம்மாவை உடன் அழைத்துக்கொண்டு பின்வரிசைக்குப் பின்னால் மேஜை போட்டு நின்றுகொண்டாள். மண்டபத்தில் மின்விசிறிகள் சத்தமாகச் சுற்றின. வந்திருந்தவர்களில் பாதிப் பேர் கதவுக்குப் பக்கத்து நாற்காலிகளாகப் பார்த்து உட்கார்ந்திருந்ததை அவள் கவனித்தாள். மோர் கொடுத்தபோது பலர் வேண்டாம் என்று கையை ஆட்டினார்கள்.

பிரபாகர் வெள்ளைச் சட்டையில் வந்து முதலில் பேசினார். மனைவி தரணி பட்டுப்புடவை கட்டி, கும்பிட்ட கையோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். முப்பதைத் தாண்டியிருக்காது. பிரபாகர் தெலுங்கில், பெத்தவாள்ளு, பெரியவர்கள் எல்லாரும் எனக்கு அப்பா அம்மா மாதிரி என்று ஆரம்பித்தார். பூங்காவில் பெரியவர்களுக்குத் தனி நடைபாதை, உடற்பயிற்சிக் கருவிகள், மாதா மாதம் கண் பரிசோதனை முகாம், தெரு முழுக்கக் கலர் விளக்கு. எல்லாரும் கை தட்டினார்கள். நாய்த் தொல்லையைப் பற்றி ஒருவர் கேட்டார். அதற்கும் ஏற்பாடு செய்வதாகச் சொன்னார்.

சபீனா ஸ்கூட்டரில் தனியாக வந்திருந்தாள். ஐம்பது வயதிருக்கும். சித்தூரில் பிறந்து வளர்ந்தவள். தமிழும் தெலுங்கும் கலந்து மெதுவாகப் பேசினாள்.

"எங்கிட்ட பெரிசா சொல்ல ஒண்ணும் இல்ல. நடைபாதை மேல கடைக்காரங்கோ படி கட்டிக்கினாங்கோ, அதனால நீங்கோ ரோட்ல எறங்கி நடக்கறீங்கோ. என் கடைப் படியும் அப்படித்தான் இருந்திச்சி. போன வாரம் இடிச்சிட்டேன். மத்தவங்கள இப்ப நான் கேக்கலாம். ரேஷன்ல கைரேகை உழ மாட்டேங்குதுன்னு திருப்பி அனுப்பறாங்கோ. அதுக்கு நான் கூட வந்து உக்காருவேன். அவ்ளோதான்."

கை தட்டல் குறைவாகத்தான் இருந்தது. வேறு கேள்வி இருக்கிறதா என்று ராம்ப்ரசாத் கேட்டார். யாரும் பேசவில்லை.

ஸத்யபாமா பேசுவதாக இல்லை. பிற்பாடு எத்தனை தடவை யோசித்தும், தான் எப்படி வாய் திறந்தோம் என்று அவளுக்குத் தெரியவில்லை. கையில் கரண்டியோடுதான் நின்றிருந்தாள்.

"ஸ்டாண்டுக்குப் பின்னாடி ஒரு கட்டடம் பூட்டிக் கெடக்கே. அதை யார் திறந்து விடுவேள்? அதைச் சொல்லுங்கோ."

"ஏ பில்டிங் அம்மா?" என்று தெலுங்கிலேயே கேட்டார் பிரபாகர்.

"பாத்ரூம்."

முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிரபாகரும் சிரித்தார். பிறகு தமிழுக்கு மாறினார். "அம்மா, இது பெரிய விஷயங்கள் பேசற மீட்டிங்கு. அந்த மாதிரி சின்னச் சின்ன வேலையெல்லாம் எங்க பசங்ககிட்ட சொன்னா பார்த்துக்குவாங்க."

"சின்ன விஷயம் இல்லை," என்றாள் அவள். "எங்காத்துக்காரர் அந்தச் சின்ன விஷயத்தாலதான் வெளியில வர்றதையே விட்டுட்டார். அவருக்கு அடக்க முடியலை. ஸ்டாண்டுல நிக்க முடியலை. தீர்த்தம் குடிக்காமப் போய் மயக்கம் போட்டு விழுந்தார். கோஷ்டிக்குப் போய் வருஷத்துக்கு மேல ஆறது. இங்கே இருக்கறவா எத்தனை பேர் மோர் வேண்டாம்னேள். ஏன் வேண்டாம்னேள்னு எனக்குத் தெரியும்."

சிரிப்பு நின்றுவிட்டது. ஆண்கள் தரையைப் பார்த்தார்கள். பிரபாகர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். தரணி மட்டும் கும்பிட்ட கையை இறக்கிவிட்டு ஸத்யபாமாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சபீனாதான் பதில் சொன்னாள். "திறக்கறது ஒரு மணி நேர வேலை மாமி. யாரு கழுவறது? தண்ணி எங்கேர்ந்து வரும்? சம்பளத்துக்கு ஆள் போடாம திறந்தா, பத்து நாள்ல மூக்கப் பொத்திக்கினு ஓடணும், திருப்பியும் பூட்டுவாங்கோ. நான் வந்தா ஆளு, தண்ணி, ரெண்டும் பார்த்துட்டுத்தான் திறப்பேன். லேட்டாகும். உடனேன்னு சொன்னா அது பொய்யி."

பிறகு கொஞ்சம் தயங்கிவிட்டு, "ஆனா நான் ஒண்ணு கேக்கறேன் மாமி. அவருக்கு மட்டும்தானா?" என்றாள்.

ஸத்யபாமா குனிந்து மோரைக் கலக்கினாள்.

கூட்டம் கலைகிறபோது ராம்ப்ரசாத் மேஜைக்கு வந்தார். சமாதானமாகப் பேசுகிறவர் போல, "கழுவறதுக்கு ஆள் என்ன பஞ்சமா மாமி, உங்காத்துல வேலை செய்யறவளையே போட்டுடலாம்," என்றார். சென்னம்மா பக்கத்தில் டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

*

வீட்டுக்குப் போவதற்குள் சேதி போய்விட்டது. ராம்ப்ரசாத் நல்லெண்ணத்தோடுதான் போன் செய்து, மாமி தைரியமாகப் பேசினாள் என்று சொல்லியிருக்கிறார். ஸௌரிராஜன் இலையில் உட்கார்ந்தார், சாப்பிட்டார், கையலம்பினார். "பாமா" என்று ஒருதடவைகூடக் கூப்பிடவில்லை.

அவள்தான் வாயைத் திறந்தாள். "சொல்லியிருக்கப்படாதுதான்."

அவர் கூடத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். மறுநாளிலிருந்து என்ன வேண்டுமோ அதை அவரே எடுத்துக்கொண்டார். ஜன்னலோர நாற்காலியைக்கூட நகர்த்தி, தெருவில் போகிறவர்கள் கண்ணில் படாதபடி போட்டுக்கொண்டார்.

அந்த வாரத்தில் ஒருநாள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த சென்னம்மாவிடம் ஸத்யபாமா பேச்சோடு பேச்சாக, "அந்த வேலை நெஜமாவே வந்தா சம்பளம் நன்னா இருக்கும் இல்லையோ?" என்றாள். கேட்ட மாத்திரத்தில் தப்பு என்று தெரிந்துவிட்டது.

சென்னம்மா தேய்ப்பதை நிறுத்தவில்லை. "எங்கம்மா அந்த வேல செஞ்சிச்சி மாமி. நைனா குடிச்சிப் போட்டு அடிச்சாலும் ஒண்ணு மட்டும் சொல்வாரு, எம்பொண்ணு இத்த செய்யக் கூடாதுன்னு. பேங்கு சாரு சொன்னாருன்னா அவருக்கு இன்னா தெரியும். நீயும் கேக்கறியே."

"கேட்டிருக்கப்படாது."

"உடு. கழுவறதுக்கு மெஷினு கீது, ரப்பரு கிளவுசு கீது. அத்தப் போடச் சொல்லி கேளு. ஆளு யாருன்னு ஏன் கேக்கறீங்கோ."

அவள் பாத்திரங்களைக் கவிழ்த்துவிட்டு, வழக்கமாகக் குடிக்கிற காப்பியைக் குடிக்காமல் போய்விட்டாள். அடுத்த நாள் வந்தாள், குடித்தாள். ஸத்யபாமாவுக்குத்தான் அது மனசில் நெருடிக்கொண்டே இருந்தது. தன் கஷ்டத்தைச் சொல்லப் போய் எத்தனை பேரைத் தொட்டுவிட்டோம் என்று நினைத்துக்கொண்டாள்.

*

பிரச்சாரம் முடிகிற வாரத்தில் தாரை தப்பட்டையோடு பிரபாகரின் ஊர்வலம் அந்தத் தெருவுக்கு வந்தது. உச்சிவெயில். திறந்த ஜீப்பில் தரணி நின்று கும்பிட்டுக்கொண்டே வந்தாள். மாலைப் பூ வாடி அவள் கழுத்தில் ஒட்டியிருந்தது. ஸத்யபாமா வீட்டுக்கு முன்னால் வந்ததும் டிரைவரிடம் ஏதோ சொல்லி ஜீப்பை நிறுத்தி, கீழே இறங்கி, நேராக உள்ளே வந்துவிட்டாள். ஓட்டுக் கேட்கத்தான் போகிறாள் என்று கூட்டம் வாசலில் நின்று கோஷம் போட்டது.

தரணி கூடத்தைத் தாண்டி, சமையலறை வாசலில் நின்று மிகவும் தாழ்ந்த குரலில், "மாமி, பாத்ரூம் எங்க?" என்றாள்.

ஸத்யபாமா கொல்லைப்பக்கம் கை காட்டினாள்.

வெகு நேரம் கழித்துத்தான் வந்தாள். முகம் கழுவியிருந்தாள். ஸத்யபாமா டம்ளரில் மோர் கொடுத்தாள். குடித்தாள். இன்னொன்று கேட்டு வாங்கிக் குடித்தாள். சமையலறை மணையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்கு நகரிப் பக்கம் மாமி. அம்மா வீட்ல தமிழ்தான் பேசுவோம். காலைல ஏறினா சாயங்காலந்தான் எறங்கறேன். கூட வர்ற ஆம்பளைங்க சுவரப் பார்த்தா எறங்கிக்கறாங்க. நான் யார்கிட்ட சொல்றது? இவர்கிட்டயா? அதனால தண்ணியே குடிக்கறதில்ல. நேத்து ராத்திரி எரிச்சல் தாங்கல."

"எந்தாத்துல வேணும்னாலும் கேட்டுக்கறதுதானே."

"வெக்கமா இருந்திச்சி. நீங்க அன்னிக்கி பேசினீங்க இல்ல, அதான் உங்க வீட்ல கேக்கலாம்னு தோணிச்சி." மோர் டம்ளரைக் கீழே வைத்தாள். "நீங்க எப்பிடி மாமி சமாளிப்பீங்க? கோயில் கோயிலாப் போவீங்களாமே."

கூடத்தில் ஸௌரிராஜன் இருக்கிறார் என்பது ஸத்யபாமாவுக்குத் தெரியும். நடுவில் ஒரு சுவர்தான். ஆனாலும் சொன்னாள்.

"நீ சொன்னாப்பலதான். வெளியில கிளம்பினா மொத நாள் ராத்திரியிலேர்ந்து குடிக்க மாட்டேன். ஸ்ரீரங்கம், காஞ்சிபுரம், மேல்கோட்டைன்னு அவரோட எத்தனை உற்சவம். பஸ்ஸை நிறுத்தினா புருஷா எறங்குவா. நான் ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பிண்டு உக்காந்திருப்பேன். பழகிப் போச்சு. அவருக்கு வந்தப்புறந்தான் அதை வெளியில சொல்லலாம்னு எனக்கே தோணித்து. என்னோடதைச் சொல்ல வாய் வரலை."

வாசலிலிருந்து பிரபாகர் குரல் கேட்டது. நேரமாகிறது என்றார். தரணி எழுந்து தலையைச் சரிசெய்துகொண்டாள்.

"அந்தக் கட்டடத்துச் சாவி எங்க வீட்லதான் இருக்குது மாமி. எனக்கு ஓட்டுப் போடுங்கன்னு கேக்க மாட்டேன். நான் ஜெயிச்சேன்னா அந்தத் தட்டியெல்லாம் வெளிய எடுத்துப் போடறேன். சண்டை வரும். வரட்டும்."

ஜீப் புறப்பட்டுப் போய், தப்பட்டைச் சத்தம் அடுத்த தெருவுக்குப் போய்ச் சேர்ந்தது. பிறகு ஸௌரிராஜன் சமையலறை வாசலுக்கு வந்து நின்றார். நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"காஞ்சிபுரம் கருட சேவைக்குப் போயிட்டு வந்து உனக்கு ஜுரம் கண்டுதே. குளிர் நடுங்கிண்டு படுத்திருந்தே. வெயில் ஒத்துக்கலைன்னு சொன்னியே, பாமா. அது இதனாலயா?"

"ஆமா."

"அதுக்கு முன்னாடியும் ரெண்டு மூணு தரம் வந்தது."

"அதுவும்தான்."

அவர் நின்றுகொண்டே இருந்தார். அன்று சாயங்காலம் நாற்காலியைப் பழையபடி ஜன்னலோரம் நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

*

ஓட்டுப்பதிவு அன்று ஏழுமலை அவர்கள் இருவரையும் ஆட்டோவில் ஏற்றிப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டான். வேறு சவாரி ஏற்றவில்லை. ஸௌரிராஜன் வருவார் என்று ஸத்யபாமா எதிர்பார்க்கவில்லை. காலையில் அவரே, "கிளம்பலாமா?" என்றார்.

ஆண்கள் வரிசை சீக்கிரம் நகர்ந்தது. பெண்கள் வரிசை நகரவில்லை. உள்ளே யாருடைய பெயரோ இல்லை என்று தகராறு. வெயில் வந்து மைதானத்தில் விழுந்தது. சென்னம்மா அவளுக்கு முன்னால் நின்று முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டிருந்தாள். பின்னால் கேரியர் சாப்பாடு வாங்குகிற வீட்டு அம்மாக்கள். அன்று ஸத்யபாமா தண்ணீர் குடித்துவிட்டுத்தான் வந்திருந்தாள். பள்ளிக்கூடம்தானே, இருக்கும் என்று நம்பியிருந்தாள். இருந்தது. மைதானத்து ஓரத்தில் வரிசையாகக் கதவுகள், எல்லாவற்றிலும் பூட்டு. பிள்ளைகள் வருகிற இடத்தை வெளியாட்கள் அசுத்தம் செய்துவிடுவார்கள் என்று பூட்டியிருக்கிறார்களாம்.

அவள் கால் மாற்றி நின்றாள். வீட்டுக்குப் போய் வரலாமா என்று யோசித்தாள். போனால் வரிசை போய்விடும்.

ஸௌரிராஜன் விரலில் மையோடு வெளியே வந்தார். மரத்தடிக்குப் போகப் போனவர், அவளைப் பார்த்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். பிறகு விறுவிறுவென்று திரும்பிச் சாவடிக்குள் போனார். மேஜைக்குப் பின்னால் இருந்த அதிகாரியிடம் அவர் பேசியது வரிசையில் இருந்த எல்லாருக்கும் கேட்டது. கோஷ்டியில் சேவித்துப் பழகின தொண்டை அது. தாழ்த்திப் பேச அதற்குத் தெரியாது.

"மா ஆவிட பாத்ரூமுக்கு வெள்ளாலி. தாளம் தீயண்டி."

என் மனைவி போக வேண்டும், பூட்டைத் திறந்துவிடுங்கள் என்கிறார். வரிசை முழுக்கத் திரும்பி ஸத்யபாமாவைப் பார்த்தது. அவளுக்குக் காதெல்லாம் சுட்டது.

சாவி தன்னிடம் இல்லை, பள்ளிக்கூடத்துக்காரர்களிடம் இருக்கிறது என்றார் அதிகாரி.

"அவாளைக் கூப்பிடுங்கோ. நான் நிக்கறேன்," என்று தமிழிலேயே சொன்னார் ஸௌரிராஜன். சொன்னபடி மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டார். பின்னால் வந்தவர்களுக்கு வழி விடவில்லை. அதிகாரி போன் செய்தார். காவலாளி ஒருவர் சாவிக்கொத்தோடு எங்கிருந்தோ வந்து முதல் கதவைத் திறந்தார்.

ஸத்யபாமா வரிசையை விட்டு வெளியே வந்தாள். மைதானத்தைக் குறுக்கே நடந்தாள். பாதி தூரத்தில்தான் பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. சென்னம்மா வந்துகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் கேரியர் வீட்டு அம்மாக்கள், வாக்கர் பிடித்த ஒருத்தி, கைக்குழந்தையோடு ஒருத்தி. காவலாளி பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் மற்றக் கதவுகளையும் திறந்தார்.

"கொஞ்சம் நவுந்துக்க மாமி," என்றாள் சென்னம்மா. "நானும் வெடிகாலைலேர்ந்து அடக்கிக்கினு கீறேன்."

திரும்பி வந்தபோது வரிசையில் அவர்களுக்கு விட்ட இடம் அப்படியே இருந்தது. ஸத்யபாமா உள்ளே போய் சபீனாவுக்கு ஓட்டுப் போட்டாள்.

*

ஜெயித்தது தரணி. சபீனா இரண்டாவதாக வந்தாள். பிரபாகர் வெடி வெடித்துக் கொண்டாடினார்.

தரணி சொன்னபடி தட்டிகளையும் நாற்காலிகளையும் எடுத்து வெளியே போட்டாள். வீட்டில் சண்டை நடந்ததாம், ஏழுமலைதான் சொன்னான். உடனே திறந்துவிடலாம் என்று அவள் நின்றபோது சபீனா போய், தண்ணீரும் ஆளும் இல்லாமல் திறக்காதே என்று சொன்னாள். இரண்டு பேரும் சேர்ந்து ஆபீஸ் ஆபீஸாக அலைந்தார்கள். மோட்டார் வந்தது. தண்ணீர் பீய்ச்சுகிற மெஷினும் கையுறையும் பூட்ஸுமாக, மாதச் சம்பளத்தில் ஆட்கள் வந்தார்கள். பெண்கள் பக்கத்தில் குழாய் உடைந்திருந்ததால் முதலில் ஆண்கள் பக்கத்தை மட்டும் திறக்கலாம் என்றார்கள். ஸத்யபாமா கேரியர் வேலையைப் போட்டுவிட்டு வந்து, திறந்தால் இரண்டையும் திற என்று தரணியிடம் சொல்லிவிட்டாள். அதனால் இன்னும் தாமதமாகி, ஆடியும் கழிந்துவிட்டது.

திறந்த பிறகு வந்த வெள்ளிக்கிழமை ஸத்யபாமாவும் ஸௌரிராஜனும் திருச்சானூருக்குக் கிளம்பினார்கள். ஸ்டாண்டில் ஆட்டோ நிறைகிற வரை ஸௌரிராஜன் அவசரப்படவில்லை. கோஷ்டி ஆரம்பிக்கப் போகிற நேரத்துக்கு அவர் போய் நின்றதும் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஸத்யபாமா தூண் ஓரமாக உட்கார்ந்தாள்.

கோஷ்டியில் மூத்தவர் ராமானுஜன். எண்பது தாண்டியவர், கண்டிப்பானவர், யாரிடமும் அநாவசியமாக ஒரு வார்த்தை பேசாதவர். அவர் ஸௌரிராஜனை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன ஸ்வாமி, எங்க மேல கோபம் தணிஞ்சுதா? ஒன்றரை வருஷம் ஆச்சு."

"கோபமெல்லாம் ஒண்ணுமில்லை," என்றார் ஸௌரிராஜன். அக்கம்பக்கம் பார்க்கவில்லை. "ஒண்ணுக்கு வந்தா அடக்க முடியலை. வழியில போக இடமில்லை. அதனால ஆத்துலயே இருந்துட்டேன். இப்போ ஸ்டாண்டுல ஒரு இடம் திறந்திருக்கா."

ராமானுஜன் அங்கவஸ்திரத்தை இழுத்து மூடிக்கொண்டார். சன்னிதியில் திரை போட்டிருந்தது. இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது. அவர் ஒரு அடி நெருங்கி வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார். ஆனாலும் தூண் ஓரத்தில் இருந்த ஸத்யபாமாவுக்குக் கேட்டது.

"அது சரியா எந்த எடத்துல இருக்குன்னு சொல்லும்."